நீண்டது எந்தப் புழுவின் ஆயுள்?

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கிளம்பி, வெளிமாநிலத்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கும் வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 28. பதிவு செய்து மூன்று வருடம் எட்டு மாதம் ஆகிறது. சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை வைத்து முதுமை உயிரியல் செய்கிறார். ஒரு மூலிகைச் சாறு கொடுத்த புழுக்கள் முதல் இரண்டு சோதனைகளில் சுமார் 26 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தன. டாக்டோரல் கமிட்டியில் நல்ல பெயர். அதற்குப் பிறகு செய்த மூன்று சோதனைகளில் அந்த விளைவு காணவே இல்லை.

இரண்டாம் சோதனையோடு பழைய சாறு தீர்ந்து, புதிதாக வடித்திருக்கிறார்கள். புதுச் சாற்றில் வீரியம் போதவில்லை என்பது அவருடைய கணிப்பு. கைடு, ‘முதல் இரண்டையும் வைத்துப் பேப்பரை அனுப்பு, மற்றதெல்லாம் கன்டாமினேஷன்’ (பிளேட்டில் வேறு கிருமி கலந்துவிட்டது) என்கிறார். இதற்கிடையில் நீண்ட ஆயுளுக்கான மாத்திரை விற்கும் புதுக் கம்பெனி ஒன்று மாதம் 75,000 ரூபாய் தருவதாகக் கூப்பிடுகிறது. இரண்டு மாதத்தில் சேர வேண்டுமாம். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், வீட்டுக் கடன் பாக்கி, கல்யாணப் பேச்சு ஒரு பக்கம். பேப்பரை அனுப்பலாமா, புழுவை விட்டு எலிக்கு மாறினால்தான் மதிப்பா, கம்பெனிக்குப் போய்விடலாமா என்று கேட்கிறார். கடைசி வரியில், சர்க்கரை உள்ள அம்மாவுக்கு அந்தச் சாற்றைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஐந்து சோதனைகளின் சராசரி ஆயுளையும், வெப்பநிலையைச் சீராக வைக்கும் இன்குபேட்டர் பெட்டியில், புழு வளரும் பிளேட்டுகளை எப்படி அடுக்கினார் என்பதையும் அவர் எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

வேலை, கல்யாணம், கைடு எல்லாவற்றையும் ஒரு நிமிடம் ஓரமாக வையுங்கள். உங்கள் எண்களை ஒரு தாளில் வேறு வரிசையில் எழுதிப் பாருங்கள். கன்ட்ரோல் புழுக்களின், அதாவது ஒப்பிடுவதற்காகச் சாறு கொடுக்காமல் வைத்த புழுக்களின், சராசரி ஆயுள் ஐந்து சோதனைகளிலும் முறையே 14.1, 14.3, 18.2, 17.9, 18.4 நாள். சாறு கொடுத்தவை 17.8, 18.0, 18.0, 18.1, 18.2 நாள். இரண்டாவது வரிசை அசையவே இல்லை, பார்த்தீர்களா? பழைய சாறு குடித்த புழுவும் புதுச் சாறு குடித்த புழுவும் ஒரே அளவுதான் வாழ்ந்திருக்கின்றன. ‘புதுச் சாறு வீரியம் குறைந்தது’ என்றால் மூன்றாவது சோதனையிலிருந்து சாற்றுப் புழுவின் ஆயுள் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கன்ட்ரோல்தான் ஏறியிருக்கிறது.

20 டிகிரியில் வளர்க்கும் என்2 (லேப்களில் வழக்கமாக வளர்க்கும் இயல்பு வகை) புழு சராசரியாக 17 முதல் 20 நாள் வரை இருக்கும். ஆக, உங்கள் கடைசி மூன்று சோதனைகளின் கன்ட்ரோல்தான் இயல்பானது. முதல் இரண்டில் கன்ட்ரோல் சீக்கிரமே செத்திருக்கிறது. ‘சாறு ஏன் வேலை செய்வதை நிறுத்தியது’ என்று ஒரு வருடமாகத் தேடுகிறீர்கள். தேட வேண்டியது, அந்த இரண்டு முறை மட்டும் கன்ட்ரோல் ஏன் நாலு நாள் முன்னால் செத்தது என்பதை.

ஆயுள் ஆய்வில் பாதிச் சண்டை கன்ட்ரோலோடுதான். மருந்துப் புழுவை எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள், கன்ட்ரோலை யாரும் பார்ப்பதில்லை. வரைபடத்தில் சதவீதத்தை மட்டும் போட்டால் இந்தத் தவறு வெளியில் தெரியவும் தெரியாது. இனி எங்கே ஆயுள் வரைபடம் பார்த்தாலும் சதவீதத்துக்கு முன்னால் கன்ட்ரோல் எத்தனை நாள் வாழ்ந்தது என்று பாருங்கள். பிரபலமான பல ‘ஆயுள் நீட்டிகள்’ அங்கேயே சுருங்கிவிடும்.

கன்ட்ரோல் ஏன் முந்திச் செத்தது

நான்கு சந்தேகங்கள் எழுகின்றன. எல்லாமே சரிபார்க்கக் கூடியவை.

முதல் சந்தேகம் அடுக்கு. ‘குழப்பம் வராமலிருக்கக் கன்ட்ரோலை மேல்தட்டிலும் சாற்று பிளேட்டுகளைக் கீழ்த்தட்டிலும் வைத்தேன், மூன்றாவது சோதனையிலிருந்து இடம் போதாமல் கலந்து வைத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். இந்தப் புழுவின் உடல் வெப்பம் சுற்றுப்புற வெப்பம்தான். 25 டிகிரியில் சீக்கிரம் சாகும், 15 டிகிரியில் வெகுநாள் வாழும். வெளியில் திரை 20 என்று காட்டினாலும், காற்றோட்டம் சரியில்லாத இன்குபேட்டரில் தட்டுக்குத் தட்டு வித்தியாசம் இருக்கும். ஓரிரு டிகிரி போதும், ஆயுள் நாள் கணக்கில் மாறும். ஒவ்வொரு தட்டிலும் வெப்பநிலையைத் தானே பதியும் சிறு டேட்டா லாகர் ஒன்று வைத்து ஒரு வாரம் ஓடவிடுங்கள். கதவு திறக்கும் நேரம், மின்சாரம் போன நேரம் எல்லாம் அதில் வந்துவிடும்.

இரண்டாவது பாக்டீரியா. நீங்கள் உணவாகப் போடும் ஓபி50 ஈ. கோலை புழுவுக்கு உணவு மட்டும் இல்லை, வயதான புழுவுக்கு அதுவே கிருமி. இளம் வயதில் புழு வேகமாகப் பம்பு செய்து தின்னும்போது தொண்டையில் சிறு காயம் ஏற்பட்டு, அதன் வழியே பாக்டீரியா புகுந்துவிடும். அப்படிப்பட்ட புழுக்கள் முன்னதாகவே சாகின்றன. இறந்த புழுவைப் பெரிதாக்கிப் பார்த்தால் தொண்டையின் பின்குமிழ் வீங்கியிருக்கும். இதிலிருந்து தப்பியவை பின்னால் தொண்டை சுருங்கிச் சாகின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டேவிட் கெம்ஸ் குழு 2017இல் இந்த இரண்டு வகைச் சாவையும் பிரித்துக் காட்டியது. ஒரு மருந்து பாக்டீரியாவைக் கொஞ்சம் அடக்கினாலே போதும், முதல் வகைச் சாவு குறைந்து சராசரி ஆயுள் கூடிவிடும். அந்த மருந்து முதுமையைத் தொட்டிருக்கவே தேவையில்லை. நம் மூலிகைகளில் பல ஏதோ ஓரளவு பாக்டீரியாவைத் தடுப்பவை என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் இரண்டு சோதனைக்கு உயிருள்ள பாக்டீரியா போட்டதாகவும், பிறகு லேபில் யுவி ஒளியில் கொன்ற பாக்டீரியாவுக்கு மாறியதாகவும் சொல்கிறீர்கள். இந்த மாற்றமும் மூன்றாவது சோதனையோடுதான் வந்திருக்கிறது. ஆக, சாறு, தட்டு, பாக்டீரியா மூன்றும் ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன. எதைக் குற்றம் சொல்வது?

மூன்றாவது, புழுவே மாறியிருக்கலாம். ஒரே என்2 என்று லேபிள் இருந்தாலும், வருடக் கணக்கில் பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தால் மரபணு மாற்றங்கள் சேரும். முன்பு சொன்ன தொண்டைத் தொற்றைக் குறைத்து ஆயுளைக் கூட்டும் ஒரு மாற்றம், உலகெங்கும் லேப்களுக்குப் போன ஒரு என்2 ஆண்புழு வகையிலேயே ஒளிந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. இதற்கு மருந்து சுலபம்: மைனஸ் 80 டிகிரியில் கிளிசராலோடு உறைய வைத்திருக்கும் பழைய குழாயிலிருந்து புதிதாக எழுப்புங்கள். உங்கள் லேபில் அப்படி ஒன்று இல்லையென்றால் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள சி. எலிகன்ஸ் மரபியல் மையத்திலிருந்து குறைந்த கட்டணத்தில் வரவழைக்கலாம்.

நான்காவது எண்ணிக்கை. பிளேட்டை விட்டு ஏறிப்போய்ச் சுவரில் காய்ந்த புழுக்களை ‘கணக்கில் சேர்க்கவில்லை’ என்கிறீர்கள். சேர்க்க வேண்டும். காணாமல் போன நாள் வரை அது உயிரோடிருந்தது என்பது ஒரு தகவல். அந்த நாளோடு ‘சென்சார்’ என்று குறித்துக் கணக்கில் வைப்பதுதான் முறை. வயிற்றிலேயே முட்டை பொரித்துத் தாய் செத்தால், குடல் பிதுங்கிச் செத்தால், இவையும் அப்படியே. கசப்பான சாறு உள்ள பிளேட்டிலிருந்து புழுக்கள் அதிகம் ஓடும். அவற்றை அடியோடு நீக்கிவிட்டால் மிஞ்சியவற்றின் சராசரி ஏதோ ஒரு பக்கம் சாயும்.

பழங்கதை ஒன்று

இது உங்கள் லேபுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2001இல் சர்-2.1 என்ற மரபணுவின் பிரதிகளைக் கூட்டினால் இதே புழுவின் ஆயுள் 50 சதவீதம் வரை நீள்கிறது என்று வந்தது. அந்த மரபணு தரும் புரதத்தின் குடும்பமான சிர்டுயின்கள் பெரும் பேச்சாயின. அந்த வழியில் மருந்து தேடிய சிர்ட்ரிஸ் என்ற கம்பெனியை 2008இல் ஜிஎஸ்கே என்ற பெரிய மருந்துக் கம்பெனி 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2011இல் கெம்ஸ் குழுவும் கூட்டாளிகளும் அந்தப் புழுவை இயல்பான புழுவோடு திரும்பத் திரும்பக் கலந்து மரபணுப் பின்புலத்தைச் சுத்தம் செய்தார்கள். நீண்ட ஆயுள் போய்விட்டது. உணர்வு நரம்புகளைப் பாதிக்கும் வேறொரு மாற்றம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆயுளைக் கூட்டியது பெரும்பாலும் அதுதான். அசல் குழுவும் அந்த மாற்றத்தை நீக்கிப் பார்த்து, மிஞ்சும் விளைவு சிறியது என்று வெளியிட்டது. ஜிஎஸ்கே 2013இல் சிர்ட்ரிஸ் அலுவலகத்தை மூடியது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பக் இன்ஸ்டிடியூட், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம், ஓரிகன் பல்கலைக்கழகம் மூன்று இடங்களிலும் ஒரே மருந்தை ஒரே முறையில் புழுவுக்குக் கொடுத்துப் பார்க்கும் கூட்டுத் திட்டம் ஒன்று நடக்கிறது. ஆரம்பத்தில் எண்கள் ஒத்துப்போகவில்லை. தோண்டிப் பார்த்தால், ஒரு லேப் முட்டை பொரித்த நாளிலிருந்தும் மற்றவை முட்டையிட்ட நாளிலிருந்தும் வயதை எண்ணிக்கொண்டிருந்தன. தேர்ந்த ஆட்களுக்கே இந்தக் கதி. ஒத்துப்போகாததை மறைக்காமல் அதையே ஆராய்ச்சியாக்கி 2017இல் வெளியிட்டார்கள், இன்று மற்றவர்கள் அந்த முறையைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

மூன்று மாதத்துக்கு என்ன செய்வது

உங்கள் ஃபெலோஷிப் ஐந்து வருடம். 44 மாதம் போயிற்று, 16 மாதம் பாக்கி. புழுவின் பெரிய வசதி, ஒரு முழு ஆயுள் சோதனை ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். இரண்டு வார இடைவெளியில் மூன்று சோதனை தொடங்கினால் ஒன்பது, பத்து வாரத்தில் விடை கையில்.

நான்கு குழுக்கள் போதும்: உயிருள்ள பாக்டீரியாவில் சாறோடு ஒன்று, சாறில்லாமல் ஒன்று, கொன்ற பாக்டீரியாவிலும் அப்படியே இரண்டு. குழுவுக்கு 100 புழு, பிளேட்டுக்கு 25. எல்லாவற்றிலும் டிஎம்எஸ்ஓ (சாற்றைக் கரைக்கும் திரவம்) ஒரே அளவு. பழைய சாறு குழாயின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் சின்னதாய் ஐந்தாவது குழு ஒன்று. எல்4 என்ற கடைசி இளம்புழுப் பருவத்தை நாள் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டில் எழுதிவையுங்கள். முட்டை பொரிக்காமல் தடுக்க எஃப்யூடிஆர் என்ற மருந்து போடுகிறீர்கள். சில மரபணு வகைகளில் அதுவே ஆயுளைக் கூட்டிவிடும், பாக்டீரியாவையும் பாதிக்கும். மூன்றில் ஒரு சோதனையையாவது அது இல்லாமல், முட்டையிடும் முதல் ஆறேழு நாள் தினமும் புதுப் பிளேட்டுக்கு மாற்றிச் செய்யுங்கள். முதுகு ஒடியும்தான், வேறு வழியில்லை.

பிளேட்டுகளுக்கு வேறொருவர் எண் போடட்டும். எது சாறு எது கன்ட்ரோல் என்று கடைசிப் புழு சாகும் வரை உங்களுக்குத் தெரியக்கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எண்ணும்போது பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தொட்டு அசைகிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா, ‘இது கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது’ என்ற சலுகை தனக்குப் பிடித்த பிளேட்டுக்கே போகும். மனித இயல்பு, இதில் நேர்மைக் கேள்வி எதுவுமில்லை. பிளேட்டுகளைத் தட்டுகளில் கலந்து வையுங்கள், எண்ணும் ஒவ்வொரு நாளும் இடம் மாற்றுங்கள்.

செத்த புழுவை உடனே எறிந்துவிடாதீர்கள். அன்றைக்கே பெரிய மைக்ரோஸ்கோப்பில் பின்குமிழைப் பார்த்து ‘வீங்கியது’, ‘சுருங்கியது’ என்று குறியுங்கள். ஒரு நாள் தாண்டினால் உடல் அழுகிச் சொல்ல முடியாமல் போகும். இத்தோடு, ஐந்தாம் நாள் ஒவ்வொரு குழுவிலும் பத்துப் புழுக்களை 30 விநாடி வீடியோ எடுத்துத் தொண்டைப் பம்பு எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணுங்கள். சாறு கசந்து புழு குறைவாகத் தின்றால் அதுவும் ஆயுளைக் கூட்டும். 1935இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே என்ற ஆய்வாளர் எலிகளில் காட்டிய உணவுக் குறைப்பு விளைவு, மருந்து வேஷத்தில் வந்து நிற்கும்.

கணக்குப் போடும்போது மூன்று சோதனைகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கப்லான்-மேயர் வளைவு (எந்த நாளில் எத்தனை சதவீதம் உயிரோடு என்று காட்டும் வரைபடம்), தனி லாக்-ரேங்க் (வளைவுகளை ஒப்பிடும் கணக்கு). பிறகு சோதனை எண்ணை அடுக்காக வைத்து, மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் காக்ஸ் மாடல் என்ற புள்ளியியல் கணக்கு. ஆர் மென்பொருளில் இலவசமாகவே செய்யலாம்.

இதில் எந்த விடை வந்தாலும் உங்களுக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. உயிருள்ள பாக்டீரியாவில் மட்டும் சாறு வேலை செய்து, வீங்கிய தொண்டைகள் குறைந்திருந்தால், ‘இந்தச் சாறு முதுமையைத் தடுக்கிறது’ என்ற தலைப்பைவிட நன்றாக நிற்கக்கூடிய பேப்பர் அது. காரணம் தட்டின் வெப்பம்தான் என்று தெரிந்தால் ஏமாற்றம்தான். ஆனாலும் தீசிஸில் எழுதலாம். இப்படிப்பட்ட ஒற்றை முடிவுகளை, எதிர்மறை முடிவுகளையும் சேர்த்து, வெளியிடுவதற்கென்றே மைக்ரோபப்ளிகேஷன் பயாலஜி போன்ற இதழ்கள் இருக்கின்றன.

பேப்பரும் கைடும்

ஐந்தில் இரண்டை மட்டும் அனுப்பக்கூடாது. மூன்றை ‘கன்டாமினேஷன்’ என்று தள்ள வேண்டுமானால் எந்தப் பிளேட்டில் எந்த நாளில் பூஞ்சை வந்தது என்று நோட்டில் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தின்படி அப்படிக் குறிப்பு எதுவும் இல்லை. முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகச் சோதனையை விலக்குவது ஆய்வு நேர்மைக்கு எதிரான செயல். பின்னால் கேள்வி வந்தால் முதல் ஆசிரியராக நிற்கப்போவது நீங்கள். மூலத் தரவைக் கேட்கும் இதழ்கள் கூடிக்கொண்டு வருகின்றன. கன்ட்ரோல் 14 நாள் என்பதைத் இதழுக்காகப் பேப்பரை மதிப்பிடும், துறை தெரிந்த எந்த ரெஃபரியும் முதல் பார்வையில் பிடித்துவிடுவார்.

ஆனால் கைடிடம் போய் ‘நீங்கள் சொல்வது தப்பு’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவரும் ஐந்து கன்ட்ரோல் எண்களை ஒரே வரிசையில் பார்த்திருக்க மாட்டார். ஒரு பக்கம் அச்செடுங்கள்: மேலே கன்ட்ரோல் வரிசை, கீழே சாற்று வரிசை, அதற்குக் கீழே அட்டவணையாகச் சாறு எந்த வடிப்பு, பாக்டீரியா எது, தட்டு எது. ‘சார், இப்படியே அனுப்பினால் ரெஃபரி கன்ட்ரோலைப் பிடிப்பார். பத்து வாரம் கொடுங்கள், அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலான கைடுகள் இதற்கு இறங்குவார்கள். இறங்காவிட்டால், பேசியதைச் சுருக்கி அன்றே பணிவான ஈமெயிலாக அவருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த டாக்டோரல் கமிட்டியில் ஐந்து சோதனைகளையும் காட்டுங்கள். கமிட்டியில் காட்டிய தரவை யாரும் இல்லாததாக்க முடியாது.

‘பேப்பர் இல்லாமல் தீசிஸ் போட முடியாது’ என்று பதறுகிறீர்கள். யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளில் அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் வைத்திருக்கலாம், அகாடெமிக் செக்‌ஷனில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே விதிமுறையில் உச்ச காலம் ஆறு வருடம், பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் வரை சலுகை உண்டு. 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. கல்யாணப் பேச்சில் வீட்டாரிடம் சொல்ல இந்த எண்கள் உதவும்.

எலிக்கு மாறலாமா

வேண்டாம். எலியின் ஆயுள் இரண்டரை, மூன்று வருடம். உங்களுக்கு இருப்பது 16 மாதம். விலங்கு நெறிக் குழுவின் அனுமதிக்கே மாதங்கள் போகும் (புழுவுக்கு அது தேவையில்லை), வயதான எலி எளிதில் கிடைக்காது, வளர்த்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் தேசிய முதுமை நிறுவனம் ஆய்வாளர்களுக்காக வயதான எலிகளைத் தனியே வளர்த்துத் தருகிறது. அதே நிறுவனத்தின் திட்டத்தில்தான் 2009இல் ராபமைசின் என்ற மருந்து எலிகளின் ஆயுளைக் கூட்டுவது தெரிந்தது. மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில், மரபணுக் கலப்புள்ள எலிகளில் செய்தார்கள். மருந்து உணவில் கெடாமல் இருக்கும்படி பொதிய நாளாகிவிட்டதால் எலிகளுக்கு 600 நாள் வயதானபோதுதான் தொடங்க முடிந்தது. அப்படியும் 90 சதவீதம் இறக்கும் வயதை வைத்துப் பார்த்தால் பெண்ணெலிக்கு 14 சதவீதமும் ஆணெலிக்கு 9 சதவீதமும் ஆயுள் கூடியது. இப்படி ஒரு விடைக்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டும். திராட்சையில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் இதே சல்லடையில் தேறவில்லை.

புழுவுக்கு மதிப்பில்லை என்று யார் சொன்னது? டாஃப்-2 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் வந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்று சிந்தியா கென்யன் குழு 1993இல் காட்டியது இந்தப் புழுவில்தான். முதுமையை மரபணுவால் அலசலாம் என்ற நம்பிக்கை துறைக்குப் பெரிதும் அங்கிருந்து வந்தது. வேறு விலங்கு கற்க ஆசையிருந்தால் அது போஸ்ட்டாக்கின் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வேலை. நான்கு முதல் ஆறு மாதமே வாழும் ஆப்பிரிக்க கில்லிஃபிஷ் என்ற மீன், முதுகெலும்பியாகவும் இருக்கிறது, காலமும் கையில் அடங்குகிறது. ஜெர்மனியில் கொலோன் மாக்ஸ் பிளாங்க், யேனாவில் லைப்னிட்ஸ் முதுமை நிறுவனம், கலிஃபோர்னியாவில் பக், இந்தியாவில் டெல்லி என்ஐஐ, பெங்களூரு ஐஐஎஸ்சி என்று முதுமை ஆய்வுக்கு இடங்கள் உண்டு. ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு பிஎச்.டி. முடித்து எட்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை. முப்பதுக்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடுவை நீங்களே உங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கம்பெனி

உங்கள் வீட்டுக் கணக்கு எனக்குப் புரிகிறது. எஸ்ஆர்எஃப் (சீனியர் ஆய்வு உதவித்தொகை) மாதம் 42,000, வீட்டு வாடகைப் படி சேர்த்தாலும் 75,000க்குப் பக்கத்தில் வராது. கம்பெனிக்குப் போவது விஞ்ஞானத்தைக் கைவிடுவது என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கம்பெனிக்கு, இந்த நேரத்தில் போவதில்தான் சிக்கல். ‘சேர்ந்துகொண்டே எழுதிவிடுகிறேன்’ என்று கிளம்பியவர்களில் தீசிஸ் எழுதி முடித்தவர்கள் குறைவு. அதோடு, உங்கள் முதல் இரண்டு சோதனை வரைபடத்தை அவர்கள் இணையதளத்தில் போடக் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தரவு உங்கள் நிறுவனத்தின் சொத்து, கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அதை நம்பி மாத்திரை விற்றால் பொறுப்பில் உங்கள் பெயரும் வரும். இளமையை மீட்பதாகவோ முன்முதுமையைத் தடுப்பதாகவோ மருந்துக்கு உரிமை கோரக்கூடாது என்று நம் மருந்து, அழகுசாதன விதிகளின் ‘ஜே’ அட்டவணையிலேயே இருக்கிறது. அவர்கள் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஒரு ஈமெயில் எழுதுங்கள்: தீசிஸ் சமர்ப்பித்த பிறகு சேரலாமா, எதிர்மறை முடிவையும் வெளியிட அனுமதி உண்டா, பாண்டு எத்தனை மாதம், எவ்வளவு தொகை. ‘விட்டபிறகு போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது’ என்ற நிபந்தனை 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் முன் பொதுவாக நிற்காது. ஆனால் பாண்டுத் தொகையும் ரகசியக் காப்பும் நிற்கக்கூடியவை, கையெழுத்துக்கு முன் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் என்ன பதில் தருகிறார்கள் என்பதிலேயே அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துவிடும். காத்திருக்க மாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள். எது எந்தக் குழு என்று தெரியாமலே எண்ணி ஆயுள் சோதனை செய்து, சென்சார் கணக்கும் சரியாகப் போடத் தெரிந்த ஆளுக்கு மருந்துக் கம்பெனிகளிலும் கிளினிக்கல் டிரயல் புள்ளியியலிலும் வேலை இருக்கிறது, அங்கே பிஎச்.டி. பட்டம் சம்பளத்தில் பேசும்.

அம்மாவுக்குச் சாறு வேண்டாம். டிஎம்எஸ்ஓவில் கரைத்த லேப் சாறு மனிதர் குடிக்கத் தயாரித்ததில்லை. சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சில மூலிகைகள் ரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கும். அவருடைய டாக்டர் சொன்ன மாத்திரை நேரத்துக்குப் போகிறதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பார்க்கிறார்களா என்று அடுத்த முறை போனில் பேசும்போது கேளுங்கள்.

லாகர்களை நாளைக்கே வையுங்கள். ஒரு வாரத்தில் மேல்தட்டு எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள். 20க்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துவிட்டு, குழுக்களில் எதையாவது குறைக்கலாமா என்று சொல்கிறேன்.